சொல்லாமல் வெட்டியவன்

ஒரு மனிதனைச் சோம்பேறி என்று சொல்லலாம், முன்கோபி என்று சொல்லலாம், குறட்டை விட்டுத் தெருவையே எழுப்புகிறான் என்றுகூடச் சொல்லலாம். சிரித்துவிட்டுப் போய்விடுவான். திருடன் என்று மட்டும் சொல்லக் கூடாது. அதிலும் கட்டிய மனைவியின் கூடப்பிறந்த அண்ணனை, பஸ் ஷெட்டே சாப்பிட உட்காரும் நேரத்தில், தொண்டை கிழியச் சொல்லக் கூடாது. டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, நியாயம் தன் பக்கம் என்று நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பஸ் டிப்போவில் இன்ஜின் மெக்கானிக். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். அரை நிமிஷம் ஆகும். "மூணாவது சிலிண்டர். டாப்பெட் லூஸ்" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். இருபத்தாறு வருஷமாக இப்படி. அவர் பிறந்தபோது வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் டாக்டர். அந்தப் பேரை அவர் சட்டைபோல மாட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்த டிப்போவில் மதிய இடைவேளை என்றால் செஸ். டயர் ரூமில், பழைய டயர்மேல் ஒரு பலகை, பலகைமேல் பெயின்ட்டில் கட்டம். கறுப்பு யானை ஒன்று தொலைந்துபோய் அதற்குப் பதில் ஒரு ஸ்பார்க் பிளக் நிற்கும். ஆட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. உலகத்தில் வேறு எங்கும் இருக்கிறதோ இல்லையோ, டயர் ரூமில் அதுதான் சட்டம்: எதிராளியின் ராணியைக் குறிவைத்தால் வாயைத் திறந்து "ராணி" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவன் ராணியைக் காப்பாற்றிக்கொள்வதும் கோட்டைவிடுவதும் அவன் பாடு. சொல்லாமல் வெட்டினால் அது ஆட்டம் இல்லை, திருட்டு. சொல்லாமல் வெட்டிய ஒரு கிளீனரோடு அதற்குப் பிறகு ஒருவரும் பலகையில் உட்காரவில்லை. அவன் ரிட்டயர் ஆகிற வரைக்கும் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்தான். அவ்வளவு கறார்.

டாக்டரோடு பதினெட்டு வருஷமாக ஆடுகிறவர் அவருடைய மச்சான், டிப்போ எலக்ட்ரீஷியன். மெலிந்த ஆள், அடக்கமான குரல். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் கேட்கும். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து டாக்டரை "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவார். சண்டையும் அதே வார்த்தையில்தான், சமாதானமும் அதே வார்த்தையில்தான்.

அன்றைக்கு மற்றவர்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ரூமில் இவர்கள் இரண்டு பேர், கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்த டீக்கார அக்கா, அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் மந்திரியை நகர்த்தினார். டாக்டர் குனிந்த தலை நிமிராமல் ஒரு ஓரச் சிப்பாயைத் தள்ளினார். டாக்டர் தலையை ஆட்டுகிற வரைக்கும் எலக்ட்ரீஷியன் காத்திருந்தார். பிறகு மந்திரியால் ராணியை வெட்டி எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தார்.

டாக்டர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

"என்ன மச்சான் இது? சொல்லாம வெட்டிட்ட!"

"சொன்னேனே மாப்ளே."

"எங்க சொன்ன? எப்ப சொன்ன? பதினெட்டு வருஷமா இப்படித்தான் ஜெயிக்கிறியா? திருட்டு ஆட்டம் ஆடறதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

ஈரக் கையோடு எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். டயர்க்காரர், ஸ்டோர் கீப்பர், பெயின்டர் என்று ஒரு கூட்டம். எலக்ட்ரீஷியன் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுத்துப் பேச வாயைத் திறந்தவர், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். "சரி. சொல்லலைன்னே வெச்சுக்கங்க" என்றார், கொஞ்சம் உரக்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வேறென்ன வேண்டும்? ஒப்புக்கொண்ட மாதிரிதானே. மறுநாள் காலை எலக்ட்ரீஷியனின் டூல் பாக்ஸ்மேல் யாரோ சாக்பீஸால் 'ராணித் திருடன்' என்று எழுதிவைத்திருந்தார்கள். அவர் அதை அழிக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். டாக்டர் அதைப் பார்த்தார். பார்த்து, உள்ளுக்குள் கொஞ்சம் திருப்திப்பட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாவி மனுஷன்!

வீட்டில் அவர் மனைவி இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"சின்ன வயசுல கள்ளாட்டம் ஆடினா நான்தான் ஆடுவேன். எங்கண்ணனுக்கு அது வரவே வராது. தோத்துட்டு அழுவான், ஏமாத்த மாட்டான்."

"அவனே ஒத்துக்கிட்டான்."

"ஏங்க, நேத்து நான் வாசல்ல நின்னு பெல் அடிச்சேன். கால் மணி நேரம். நீங்க உள்ள பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க."

"பெல் ரிப்பேரா இருக்கும்."

"பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் திறந்து, ஏன் இப்படி விடாம அடிக்கிறீங்கன்னு கேட்டாங்க."

டாக்டர் பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் படித்தார். படித்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

அவருக்குத் தெரியாதா என்ன? எட்டு மாசமாகத் தெரியும். முதலில் போனது சின்னச் சத்தங்கள். டாப்பெட்டின் டிக் டிக், பெல்ட்டின் கீச்சு. அப்புறம் பேச்சில் பாதி. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினால் இன்ஜின் ஏதோ போர்வைக்குள் கிடந்து முனகுவதுபோல இருந்தது. அதற்காகத் தொழிலை விட்டுவிடுவாரா? டிரைவரிடம் நைசாகப் பேச்சுக் கொடுப்பார். "ஏத்தத்துல இழுக்குதா? காலைல ஸ்டார்ட் பண்ணா புகை எந்தக் கலரு?" பதிலை அவன் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்ப்பார். பிறகு சம்பிரதாயத்துக்கு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைப்பார். காதில் விழாத பேச்சுக்கெல்லாம் தலையை ஆட்டிவைப்பார். தலையாட்டுகிற ஆளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அடுத்த மாதம் ஷெட்டில் எல்லாருக்கும் உடம்புப் பரிசோதனை. கண், காது, ரத்தம் எல்லாம். காது தேறாதவர்களுக்கு இன்ஜின் ஷெட்டில் இடமில்லை. பஸ் பின்னால் வருவது கேட்காமல் சக்கரத்தில் மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு? கேட்டில் உட்கார்ந்து வருகிற போகிற பஸ் நம்பரை எழுத வேண்டியதுதான். இன்னும் மூன்று வருஷ சர்வீஸ் பாக்கி. டாக்டர் கேட்டில் உட்கார்ந்து நம்பர் எழுதுவதா? அதற்குச் சக்கரத்தில் மாட்டிக்கொள்வதே மேல் என்று நினைத்தார். நிஜமாகவே நினைத்தார்.

பரிசோதனையை எப்படியாவது ஏமாற்றிவிடலாம் என்று யோசித்துக்கொண்டு ஒருநாள் ஷெட்டின் பின்பக்கம் தனியாக நின்றிருந்தபோது டீக்கார அக்கா கிளாஸை நீட்டினாள். வழக்கமாகக் கொடுத்துவிட்டுப் போகிறவள் அன்றைக்குப் போகவில்லை. அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அப்படிப் பேசியதிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அண்ணே, உங்க மச்சான் அன்னைக்கு சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

"மொதல்ல 'ராணி'ன்னாரு. நீங்க பாட்டுக்கு எதையோ நகத்தினீங்க. திரும்ப, 'மாப்ளே, ராணி, பாத்துட்டீங்கல்ல?'ன்னு கேட்டாரு. நீங்க தலையை ஆட்டினீங்க. அப்புறம்தான் வெட்டினாரு."

டாக்டர் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நீ இருந்தியே. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாரு, வேணாம்னு. அப்புறமும் வந்து கெஞ்சினாரு. 'எனக்கு வயர் போதும் தாயி, எந்த டிப்போவுலயும் வயர் இருக்கும். அவருக்கு அந்தக் காது இல்லேன்னா என்ன இருக்கு?'ன்னாரு."

இதைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் எப்படி நிற்பான்? டாக்டர் நிற்கவில்லை. அங்கேயே கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். தன்னைத் திருடன் என்று கத்தினவனின் குட்டு வெளிப்படக் கூடாதென்று அந்த மனிதர் திருடன் பட்டத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார். சாக்பீஸ் எழுத்தைக்கூட அழிக்காமல் திரிகிறார். இவரோ அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்!

சரி, உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னாரா? அதுதான் இல்லை. பயம். உண்மையைச் சொன்னால் காது போனது தெரியும். காது போனது தெரிந்தால் ஷெட் போச்சு, பேர் போச்சு. சொல்லாவிட்டால் மச்சான் திருடன். இரண்டுக்கும் நடுவில் சந்து ஏதாவது இருக்கிறதா என்று அந்த வாரம் முழுக்கத் தேடினார். ராத்திரி தூக்கமில்லை, பகலில் சோறு இறங்கவில்லை. மாத்திரைக் கடையில் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கி ஒளித்து ஒளித்து விட்டுக்கொண்டார். காதுக்குள் சிலுசிலுவென்று இருந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பெருந்தன்மையாக ஆரம்பித்துப் பார்த்தார். "போனாப் போகுது, விடுங்கப்பா. ஒருவேளை அவன் சொல்லியிருக்கலாம். நான் கவனிச்சிருக்க மாட்டேன்." டயர்க்காரர் அவர் தோளைத் தட்டினார். "உன் மனசு யாருக்கு வரும் டாக்டர்! ஒரு ஊசி கீழ விழுந்தாலும் எத்தனாம் நம்பர் ஊசின்னு சொல்லுவே. உனக்குக் கேக்கலையாம்!" எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனார். சமாதானம் பண்ணப் போய் அவர் தலையில் இன்னும் ஒரு கூடை மண்ணைக் கொட்டிய கதையாயிற்று.

பேட்டரி ரூமில் மச்சானைத் தனியாகப் பிடித்தார். "வா, ஒரு ஆட்டம் போடலாம். எல்லார் முன்னாடியும்."

எலக்ட்ரீஷியன் அவரை நிமிர்ந்து பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். தனக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று டாக்டருக்கு இப்போது தெரிந்தது. "வேணாம் மாப்ளே. திருடனோட உக்காந்தா உங்க பேரும் கெடும். நான் மாத்தல் கேட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை ஆர்டர் வரும்."

"எனக்காகவா?"

"சும்மா இருங்க. பரிசோதனை அன்னைக்குச் சத்தம் கேட்டா கையைத் தூக்கச் சொல்வாங்க. பக்கத்துல நிக்கிறவன் எப்பத் தூக்கறான்னு பார்த்துத் தூக்குங்க. தப்பிச்சுக்கலாம்."

போகிற போக்கிலும் இவருக்குத்தான் வழி சொல்லிக்கொடுக்கிறார்! டாக்டருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். அவர் காதருகில் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள். "எனக்குப் புருஷனும் வேணும், அண்ணனும் வேணும். உங்க காதுக்காக எங்கண்ணனைக் காவு குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். நாளைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வராதீங்க."

வெள்ளிக்கிழமை. மதியம் டயர் ரூம் நிறைந்திருந்தது. எலக்ட்ரீஷியன் தோளில் பையோடு, கையில் டூல் பாக்ஸோடு, சொல்லிக்கொண்டு போக வந்து வாசலில் நின்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மாத்தல் ஆர்டர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் எழுந்தார். இருபத்தாறு வருஷத்துப் பேரைத் தானே கையால் பிய்த்து எறிவது என்றால் சும்மாவா?

"எல்லாரும் கேளுங்க. மச்சான் திருடலை. அன்னைக்கு ரெண்டு தடவை ராணின்னு சொன்னான். எனக்குத்தான் கேக்கலை. எனக்குக் காது போயிடுச்சு. எட்டு மாசமா எனக்கு ஒண்ணும் சரியாக் கேக்கறதில்லை. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டார். தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. சுற்றிலும் பார்த்தார். பெயின்டர் டயர்க்காரரைப் பார்த்து ஏதோ சொன்னார். டயர்க்காரர் உச்சுக்கொட்டினார். ஸ்டோர் கீப்பர் எலக்ட்ரீஷியனைப் பார்த்துக் கையை நீட்டி என்னவோ கேட்டார். எல்லார் முகமும் வாசல் பக்கம் திரும்பியது.

எலக்ட்ரீஷியன் டூல் பாக்ஸைக் கீழே வைத்தார். எல்லாரையும் பார்த்து, தன்னுடைய அடக்கமான குரலில், மெதுவாக இரண்டு மூன்று வாக்கியம் பேசினார். முகம் மற்றவர்கள் பக்கம் இருந்ததால் டாக்டருக்கு உதடு தெரியவில்லை. கன்னம் அசைவது மட்டும் தெரிந்தது. பேசி முடித்துத் திரும்பியபோது எலக்ட்ரீஷியனுக்குக் கண் கலங்கியிருந்தது. நடந்ததைச் சொல்லி மன்னித்துவிட்டான் என்று டாக்டர் நினைத்தார். எல்லார் முன்னாலும் மன்னித்துவிட்டான்! இரண்டு எட்டு வைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதார். "நீ பெரிய மனுஷன் மச்சான். உண்மையைச் சொல்லிட்டே. எனக்கு அது போதும்" என்றார்.

எலக்ட்ரீஷியன் அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். வெளியே கேட்டைத் தாண்டுகிற ஒரு பஸ்ஸில் அவர் ஏறுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

டயர்க்காரர் வந்து டாக்டரைக் கட்டிக்கொண்டார். மற்றவர்களும் முதுகில் தட்டினார்கள். எல்லாருக்கும் முகம் நெகிழ்ந்திருந்தது. ஆனால் அதில் ஏதோ ஒன்று சரியில்லை. எலக்ட்ரீஷியன் போன வழியைப் பார்த்து பெயின்டர் காறித் துப்பியதை டாக்டர் பார்த்தார். எதற்குத் துப்புகிறான்? அடுப்போரம் டீக்கார அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் அவளிடம் போனார்.

"ஏன் அழறே? என்ன சொன்னான் அவன்?"

அவள் ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கலை. என்ன சொன்னான்?"

முந்தானையை எடுத்துவிட்டு இன்னொரு முறை சொன்னாள். அழுகையில் உதடு கோணிக்கொண்டு போனது. ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டர் அவள் தோளைப் பிடித்து உலுக்காத குறையாகக் கத்தினார். "சத்தமாச் சொல்லு! எனக்குக் கேக்கலைன்னு சொல்றேன்ல! மன்னிச்சிட்டேன்னுதானே சொன்னான்?"

அவளுக்குப் பொறுமை எல்லாம் போய்விட்டது. அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, காதுக்குள் வாயை வைத்து, ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"'மாப்பிள்ளை என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாரு, அவர் காது நல்லாத்தான் இருக்கு, நான் ராணின்னு சொல்லவே இல்லை, நான்தான் திருடினேன்'னு சொன்னாரு! நீங்க அவர் கையைப் பிடிச்சு 'உண்மையைச் சொல்லிட்டே'ன்னு கொண்டாடினீங்க!"

டயர்க்காரர் நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு மனிதன் தன் கண்ணெதிரே, நாலடி தூரத்தில் சொன்ன வார்த்தையை, மற்ற எல்லாருக்கும் தெளிவாகக் கேட்ட வார்த்தையை, டாக்டர் ஒரு பெண்பிள்ளையைக் கத்தவிட்டுத் தெரிந்துகொள்வதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதை எவனாலும் நடிக்க முடியாது. பெயின்டர் தன் காலடியில் இருந்த எச்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் ஓடியவர் ஸ்டோர் கீப்பர். அந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். அவருக்குப் பின்னால் டயர்க்காரரும் பெயின்டரும் ஓடினார்கள். பஸ் எப்போதோ தெருமுனை திரும்பிப் போய்விட்டிருந்தது.

டாக்டர் ஓடவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஷெட்டைக் கடந்து, ஆபீஸ் படியேறி, மேனேஜர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். மேனேஜர் நிமிர்ந்து என்னவோ கேட்டார்.

"சார், நீங்க என்ன கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர். "எனக்குக் காது கேக்காது. அடுத்த மாசம் வரைக்கும் வேணாம், இன்னைக்கே சோதிச்சு எழுதிக் குடுங்க. என் மச்சான் புதுசாப் போயிருக்கிற டிப்போவுல அதைக் கொண்டுபோய்க் காட்டணும். அங்கயும் அவனைத் திருடன்னு சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க."